நாலு வட்டம்

சரக்கு வண்டி நடுவழியில் சூடேறி நின்று, வீட்டு வாசலுக்கு இழுத்து வரப்பட்ட மறுநாள் காலை, ஓட்டுநரும் அவர் மச்சினனும் வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றிருந்தார்கள். விடியுமுன் இருட்டில் மூட்டை ஏற்றப் போகிறவர் என்பதால், ஓட்டுநர் ரேடியேட்டருக்கு முன்னால் நாலு வட்ட விளக்குகளை வெளிக்கடையில் வாங்கி மாட்டியிருந்தார். வாரண்டி இன்னும் முடியவில்லை.

"கம்பெனில இதைப் பாத்தாங்க, வெளிச்சாமான் மாட்டிட்டீங்கன்னு கையை விரிச்சிருவாங்க மாமா," என்றான் மச்சினன்.

வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். கழட்டிவிடலாம் என்று ஓட்டுநர் தலையாட்டினார். மூன்று விளக்குகள் சொன்ன பேச்சைக் கேட்டன. நாலாவதின் போல்ட் துருப்பிடித்திருந்தது. மச்சினன் கம்பியை விட்டு நெம்பினான். விளக்கு கழன்றது; கம்பி வழுக்கி ரேடியேட்டரில் இறங்கியது. மிச்சத் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"வேலில போன ஓணானைப் புடிச்சு என் மடில விட்டியேடா!"

மச்சினன் ஓடிப்போய் அக்காவின் துணிசோப்பில் பாதியை உடைத்து, பிசைந்து, ஓட்டையில் அப்பினான். அதற்குள் கம்பெனியின் இழுவை வண்டி வந்துவிட்டது.

சர்வீஸ் கூடத்தில் வண்டியைப் பார்க்க வந்தவள் ஒரு பெண் மெக்கானிக். முதலில் இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தாள். "வாட்டர் பம்ப் போயிருக்கு." பிறகு ரேடியேட்டர் முன்னால் குனிந்தாள். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். "அண்ணே, ரேடியேட்டரைக் குளிப்பாட்டினீங்களா?"

மச்சினன் கூரையைப் பார்த்தான்.

"இந்த ஓட்டைல தண்ணி போய், அதனால பம்ப் கெட்டிருந்தா நாங்க மாத்தித் தர முடியாது. எது முதல்ல?"

"பம்ப்புதான்," என்றான் மச்சினன். "ஓட்டை எப்படி வந்துச்சுன்னே தெரியல."

ஓட்டுநர் மனதுக்குள் கணக்குப் போட்டார். விளக்கைச் சொன்னால் வாரண்டி போகும். சொல்லாவிட்டால் அந்த ஓட்டையே அதைக் கொண்டுபோகும்.

"பொய் சொல்றான்மா. விளக்கு மாட்டியிருந்தேன். அதை மறைக்கத்தான் இன்னைக்குக் காலைல கழட்டினோம். அப்பக் கம்பி குத்திருச்சு."

அவள் சிரிக்கவில்லை. டார்ச்சை அடித்துக் காட்டினாள். ரேடியேட்டர் முழுக்கப் புழுதியும் செத்த பூச்சியும் அப்பியிருக்க, நாலு வட்டம் மட்டும் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஓட்டை நாலாவது வட்டத்தின் நடுவில்.

"விளக்கு இருந்த வரைக்கும் இங்க எதுவும் குத்தியிருக்க முடியாது. கழட்டின பிறகு வண்டி ஓடவும் இல்ல, ஒரு கொசுகூட ஒட்டல. அப்ப பம்ப் போனதுதான் முதல்ல, அது எங்க பொறுப்பு. விளக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப விளக்கு இருந்திருந்தாலும்..." என்று இழுத்தார் ஓட்டுநர்.

"பம்ப்பை மாத்தியிருப்போம். ரேடியேட்டரும் முழுசா இருந்திருக்கும். இனி அது உங்க பாடு."

மச்சினன் மெதுவாக மாமாவைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்கிற? கம்பி யாரு கையில இருந்துச்சு?"

அவன் வாய் திறப்பதற்குள் அலைபேசி அடித்தது. அக்காதான்.

"தம்பி, சோப்புல பாதியைக் காணோமேடா?"

மச்சினன் அலைபேசியை மாமாவிடம் நீட்டினான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.