மறித்த மாடுகள்

"வண்டியில இருந்து கழத்தின தடைக்கட்டையைக் காட்டுங்க."

முதலாளியிடம் எதையும் கேட்டுவிடாதே என்று மரக்கடை வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்திருந்தாள் குருவம்மாள். உள்ளே நுழைந்ததும் மகள் முப்பிடாதி அதைத்தான் கேட்டாள்.

முதலாளி குத்தாலிங்கம் பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முந்தாநாள் மரம் ஏற்றிவந்த அவருடைய மாட்டுவண்டி ஐந்தருவி இறக்கத்தில் தறிகெட்டு ஓடி, வளைவில் கவிழ்ந்தது. தலையில் விறகுச் சுமையோடு எதிரே மேடேறி வந்த உலகம்மை செத்தாள். வண்டியோட்டிய சுடலையாண்டியும் செத்தார். முப்பிடாதியின் அப்பா. சுடலையாண்டி மாட்டை அடித்து விரட்டி ஓர் உயிரை வாங்கினவர் என்று தாலுகா கச்சேரியில் கொடுக்க எழுதிய காகிதம் மேசைமேல் இருந்தது. குருவம்மாளின் கைநாட்டு மட்டும் பாக்கி.

"கட்டை எதுக்குட்டி? விரட்டாம வண்டி அந்த ஓட்டம் ஓடுமா? கணக்குல பி.ஏ. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியல பாரு!"

"விரட்டவே வேண்டாம், எறக்கம் போதும். ஒரு தடவ தள்ளிட்டு விடுத சங்கதியா அது? அடிவாரம் வரைக்கும் இழுத்துக்கிட்டே வருது. இழுக்க இழுக்க வேகம் ஏறுது. அதப் பிடிக்கத்தான் கட்டை. சக்கரத்து இரும்புப் பட்டா தேயுதுன்னு நீங்க கழத்தச் சொன்னதை அப்பா வீட்டுல வந்து சொன்னாரு."

"அவன் அடிக்கலைன்னு நீ கண்டியோ?"

"தடத்தைக் கண்டேன். விரட்டின மாடு குளம்பத் தூக்கி வச்சு ஓடும். அங்கன எட்டுக் குளம்பும் மண்ணை உழுதுல்லா கெடக்கு. காலை ஊனி மறிச்சிருக்கு ரெண்டும். அப்பா கயித்தை இழுத்துப் பிடிச்சிருக்காரு."

இன்னொன்றை அவள் சொல்லவில்லை. இறக்கத்தின் சரிவையும் நீளத்தையும் அளந்திருந்தாள், நீளம் இருநூறு அடி. கல்லூரியில் உருளும் குண்டுக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டாள். வண்டி வளைவுக்கு வரப் பதினாலு விநாடி என்று வந்தது. குதிக்க ஒரு விநாடி போதும். மிச்சம் பதின்மூன்றும் அவர் கயிற்றை விடவில்லை.

"போதும்ட்டி," என்றாள் குருவம்மாள். "போனவரு வரவா போறாரு? நாளைக்கும் நான் இங்கனதான் மரத்தூள் அள்ளணும்." மையில் பெருவிரலை ஒற்றினாள். அதைக் காகிதத்தில் அழுத்தினாள்.

முப்பிடாதி தடுக்கவில்லை.

"ஒங்கம்மா ரேகை இருக்கையில நீ சொன்னா எவன் கேப்பான்?" என்றார் பிள்ளை.

"அம்மைக்கு எதிராவே எழுதிக் குடுக்கேன். தடம் அழியுறதுக்குள்ள கச்சேரிக்காரங்க வந்து பாக்கட்டும்."

"ஏட்டி! நில்லுட்டி!" என்றாள் குருவம்மாள்.

முப்பிடாதி படியிறங்கித் தாலுகா கச்சேரியை நோக்கி நடந்தாள்.