தலைமாட்டுச் சாக்கு

செத்துப்போன அப்பாவின் தலையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிழங்குச் சாக்கை அடியில் செருகினாள் தேவிப்ரியா. மூக்கில் வைத்த பஞ்சு நழுவி விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"என்னக்கா பண்ற?" தம்பி பிரவீன்குமார் ஓடி வந்தான்.

"தலைக்கு ஒசரம் பத்தல."

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிணத்தின் தலைமாட்டில் வைத்தது எதுவும் வீட்டுக்குத் திரும்பாது. பாயோடு சேர்த்துச் சுடுகாட்டில் எறிந்துவிட்டு வர வேண்டியதுதான்.

அப்பா பெரியகருப்பன் அய்யனார் கோயில் பூசாரி. கோயில்காட்டில் குச்சி ஒடித்தாலே சாமி கேட்கும் என்று ஊரையே மிரட்டி வைத்திருந்த மனிதர். கோடை மழை விழுந்ததும் அந்தக் காட்டில் ஒரு செடி, இலையே இல்லாமல் வெறும் தரையிலிருந்து பூத்தண்டை நீட்டும். காலேஜிலிருந்து வந்தவர்கள் ஆர்க்கிட் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். திருமயத்து மருந்து வியாபாரி சந்தனத்துக்கோ அது ஆண்களுக்குத் தெம்பு கொடுக்கிற கிழங்கு. அவன் வந்து உட்கார்ந்து பேசிய மூன்றாம் நாளே சாமிக்கு வாய் அடைத்துப்போனது. பூசாரியே கடப்பாரையைத் தூக்கினார். இரண்டே வருஷத்தில் காடு காலி.

நேற்றுக் காலை மூச்சு இழுக்கும்போது கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். "கடைசி மூட்டை ஆத்தா. காட்டுலயே பொதைச்சிரு."

தோண்டும்போதெல்லாம் வராத சாமி சாகும்போது மட்டும் வந்துவிட்டதாக்கும் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

இன்றைக்குச் சந்தனம் ஆள் உயர மாலையோடு வந்தான். "கலங்காத ஆத்தா, அவரு கைராசி யாருக்கு வரும்?" என்றான். கண் மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பிறகு பிரவீனின் காதோடு, "அத அங்கிட்டு எடுத்து வையிப்பா, சனம் மிதிச்சிரப் போவுது" என்றான். பிரவீன் சாவு வீட்டில் சிரித்தான். அதை அவள் பார்த்தாள். அப்போதுதான் சாக்கை இழுத்து வந்தாள்.

பாடை கிளம்பும்போது ஒரு பங்காளி பாயையும் சாக்கையும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். சுடுகாட்டுக்கு அடுத்தது கோயில்காடுதான். எறிகிற இடத்தில் மழை விழுந்தால் கிழங்கு தானே வேர் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் அழாதவள், வீட்டைக் கழுவிவிடும்போது கொஞ்சம் அழுதாள்.

சாயங்காலம் கொல்லையில் குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாகப் பிரவீன் குந்தி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அதே சாக்கு கிடந்தது. அப்பாவின் தலை எண்ணெய் அதில் வட்டமாக ஊறியிருந்தது. கொள்ளி வைத்த கையால் ஒவ்வொரு கிழங்காகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா தலைக்கு வச்சதுடா அது."

"அதான் நல்லாக் கழுவுறேன்ல."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த சந்தனம் நிமிரவே இல்லை. "பாலுல கலக்குற பொடிதானே ஆத்தா. எவனுக்குத் தெரியப்போவுது?" கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "மொளை விட்டிருக்கு பாரு. அதக் கிள்ளிப் போட்டுரு."

சீ, என்ன பிறவிகள் என்று அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாய் வறண்டு கிடந்தது.

பிரவீன் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். கழுவிய தண்ணீர் முளைகளை இழுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. ஒன்று அவள் கால்விரலில் தட்டி நின்றது. அதன் நுனியில் மொட்டு வந்திருந்தது.