இக்லாஸ் சொன்ன சம்மதம்

பக்ரி, கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை நேரத்திலேயே விழுந்து இறந்துபோனார். மறுநாள் காலை அவர் மனைவி இக்லாஸும் அவள் தோழியான நானும் உடலை வைத்திருந்த இடத்துக்குப் போனோம். உடலுக்குச் சுற்றும் கஃபன் துணியும் கற்பூரமும் என் பையில் இருந்தன. அங்கிருந்த மனிதர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"அவரோட மகன் முந்தியே வந்து கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. எரிக்கச் சொல்லியிருக்காரு."

இக்லாஸுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாரு, ஹனான்?" என்று கேட்டாள்.

பிணத்தைத் தீயில் இடுவது எங்கள் சூடான் மக்கள் வாயால் சொல்லவும் அஞ்சுகிற காரியம். அந்த மகன் டஸ்டின், பக்ரியின் முதல் மனைவிக்குப் பிறந்தவன். அவள் இந்த ஊர்க்காரி, அமெரிக்காவின் டென்னசிக்காரி. பிரிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. கோடைக்குக் கோடை அப்பனும் மகனும் ஏரியில் மீன் பிடிக்கப் போவார்கள். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

தொலைபேசியில் அவன் அழுதுகொண்டே பேசினான். "அப்பா என்கிட்ட சொன்னாரு இக்லாஸ். செத்தா இந்த ஏரியிலயே என்னைக் கரைச்சுடுன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"நான் சின்னவனா இருக்கும்போது."

"அப்ப அவரு குடிச்சிட்டிருந்த காலம்ப்பா. நான் பார்த்த மனுஷன் அஞ்சு வேளை தொழுதவரு."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. உடலின் மீது முதல் உரிமை மனைவிக்கு, அதனால் கவலை வேண்டாம் என்றார் எங்கள் வக்கீல் புரூயிட் அம்மாள். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்த நூல் வேறு. இவள் மனைவியே அல்ல என்றார் அவர்.

கல்யாணம் நடந்தது சூடானில், ஓம்துர்மான் நகரத்துப் பள்ளிவாசலில். பக்ரி அப்போது இங்கே இருந்ததால் அவர் இடத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்தார். இக்லாஸ் இடத்தில் அவள் அப்பா. பிறகு அவள் வந்து சேர்ந்ததும், இங்கேயும் பதிந்துவிடலாம் என்று இருவரும் ஒருமுறை பதிவு அலுவலகம் போனார்கள். "ஏற்கெனவே ஆயிடுச்சுங்கறீங்க, அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை?" என்று சிரித்து அனுப்பிவிட்டாள் அங்கிருந்த பெண். விசா கொடுத்தவர்களும் வரி வாங்கியவர்களும் மனைவி என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

வெளிநாட்டுச் சட்டத்தை நம்பிக் கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அந்தச் சட்டம் நம்முடைய அடிப்படை உரிமைகளைத் தராவிட்டால். இப்படி ஒரு சட்டம் மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் நிறைவேறியபோது எங்கள் கடைத்தெருவில் அதைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. பக்ரி அன்று கேலி செய்தார்: "நான் கோழி வெட்டறவன். என்னை எந்தக் கோர்ட்டு கூப்பிடப் போகுது?"

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"கல்யாணம் நடந்தப்ப நீங்க எங்கேம்மா இருந்தீங்க?"

"வீட்டுல. உள் அறையில."

"பள்ளிவாசல்ல சம்மதம் சொன்னது யாரு?"

"எங்கப்பா."

அவர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "பொண்ணு வாயத் திறக்காமலே, அப்பா சொன்னா போதும்ங்கற சட்டம் ஐயா அது. ஆணுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணு. இந்த மாதிரி சட்டத்துலேருந்து பெண்களைக் காப்பாத்தத்தான் நாம சட்டம் போட்டிருக்கோம்."

இக்லாஸ் எழுந்துவிட்டாள். புரூயிட் அம்மாள் கையைப் பிடித்தும் உட்காரவில்லை.

"எங்கப்பா பள்ளிவாசலுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து கேட்டாரு. எனக்கு அப்ப கையெல்லாம் மருதாணி. யாரும் மிரட்டல, யாரும் தள்ளல. சரின்னு நான்தான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவரு அங்க போய்ச் சொன்னாரு. என்னைக் காப்பாத்தறேன்னு சொல்லி என் வாயை நீங்க மூடறீங்களே, ஐயா."

நீதிபதி வயதானவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா நான் நம்பறேனா இல்லையாங்கறதை இந்தச் சட்டம் கேக்கல."

ஓம்துர்மான் கல்யாணம் இங்கே செல்லாது என்றார். சேர்ந்து வாழ்ந்த வருடங்களை மட்டும் வைத்துக் கல்யாணம் என்று எங்கள் மாநிலம் ஒப்புக்கொள்வதில்லை. தீர்ப்பு மகன் பக்கம் போயிற்று. மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் புரூயிட் அம்மாள். அதுவரை உடல் தாங்காது என்பதையும் அவரே சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் டஸ்டின் சுவரோடு சாய்ந்து நின்றான். ஜெயித்தவன் முகமாக இல்லை அது. இக்லாஸ் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை குளிப்பாட்டிடறேன். தொழுகையும் வச்சுக்கறோம். அதுக்கு மேல உன் இஷ்டம்."

அவன் தலையசைத்தான்.

அவளே குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். கோழி எலும்பு கீறிய தழும்புகள் அவர் விரல்களில் நிறைய இருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள். தீயில் போகப் போகிற உடலுக்குக் கஃபன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆண்கள் வாகனம் நிறுத்தும் இடத்தில் வரிசை கட்டித் தொழுதார்கள். டஸ்டின் சற்றுத் தள்ளித் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு உடலை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இக்லாஸ் வெள்ளை உடுத்தி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா இருந்தாள். வேலையிலிருந்து நின்றுவிட்டாள். நான்கு மாதத்துக்கு மேல் வெளியே இறங்கவில்லை. அந்நிய ஆண்கள் யாரும் உள்ளே வரவும் இல்லை. கோர்ட்டு அவளை மனைவி இல்லை என்றது. அவள் விதவையாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதங்களில் ஒருநாள் பகலில் டஸ்டின் வந்தான். வாசலில் நான் மறித்தேன். "இப்ப ஆம்பளைங்க வரக்கூடாது தம்பி."

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "அவனை விடு ஹனான். புருஷனோட பிள்ளை எனக்கும் பிள்ளைதான். எங்க சட்டத்துல அவன் வரலாம்."

அவன் வந்து தரையில் உட்கார்ந்தான். நான் எங்கள் ஊர் அவரைப்பயறுக் கூட்டான ஃபூலைச் சூடாக்கி ரொட்டியோடு வைத்தேன். ஒரு வாய் பிட்டுவிட்டு நிறுத்தினான்.

"நேத்து ஏரியில கரைச்சிட்டேன்," என்றான். "உங்களைக் கூப்பிட்டிருக்கணும். தைரியம் வரல."

இக்லாஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவன் எழுந்து போய்விடுவானோ என்று நான் நினைத்தேன். போகவில்லை.

"ஏரி எந்தப் பக்கம்?" என்று கடைசியில் கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்துக் கை நீட்டினான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.