பேயின் சொந்த முகம்

பல வருஷமாக சினிமாவில் இருக்கிறாள். ஆனால் ஒரு படத்திலும் அவள் முகம் வந்ததில்லை. பிணமாகப் படுத்திருக்கிறாள், கூட்டத்தோடு ஓடியிருக்கிறாள், கதாநாயகிக்குப் பதிலாக முதுகைக் காட்டியிருக்கிறாள். இப்போது பேய்.

"இதுலயாவது உன் மூஞ்சி தெரியுமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியும்டி. பேயாகறதுக்கு முன்னாடி நான் சிரிக்கிற மாதிரி ஒரு காட்சி. நான் பேய் வேஷத்துல இருக்கறப்போ டைரக்டரே வந்து சொல்லிட்டாரு."

பேயின் பாடு லேசுப்பட்டதல்ல. யாரும் வருவதற்கு முன்பே மேக்கப்காரர் ரப்பர் தோலை முகத்தில் ஒட்டி, வாயையும் சேர்த்து மூடிவிடுவார். எல்லோரும் போன பிறகுதான் உரிப்பார். பேச்சுக்கே வழியில்லை. உறிஞ்சு குழலில் கஞ்சி குடிக்கலாம், அதுவும் ஒதுக்குப்புறமாக. "உன்னைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா சோறு இறங்கல தாயி" என்று லைட்காரர் கும்பிடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அவளும்தான் சிரித்தாள், யார் கண்டது?

சிரிக்கும் காட்சிக்கான நாள் வந்தது. பேய் வேஷம்தான் இல்லையே, வீண் செலவு எதற்கென்று மேக்கப்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளைப் பேயாக நடிக்க அழைத்து வந்ததும், அவள் முகத்தை அறிந்த ஒரே ஆளும் அவர்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மகள் வாங்கித் தந்த புது உடையில் வந்தவளை ஷூட்டிங் வீட்டு வாசலிலேயே மேனேஜர் மறித்தார்.

"யாரும்மா நீங்க?"

"நான்தாங்க பேய்."

"காலங்காத்தால விளையாடாதீங்க. அப்படி ஓரமா உட்காருங்க."

கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. அதற்குமேல் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுத் தரையில் விழுந்து, கழுத்தை ஒடித்து, நாலு காலில் ஊர்ந்தாள்.

"ஐயையோ, நம்ம பேய்!" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். "இவ்வளவு லட்சணமான மூஞ்சியா தாயி!" என்று வியந்தார் லைட்காரர். டைரக்டர் மட்டும் நெளிந்தார்.

"நீங்க வரலைன்னு சொன்னாங்கம்மா. இந்த வீட்டை மதியத்துக்குள்ள காலி பண்ணணும். துணிமணி பாத்துக்கற பொண்ண வச்சு எடுத்துட்டேன்."

தெருமுனைக்கு வருவதற்குள் மகளின் போன் வந்துவிட்டது.

"எடுத்துட்டாங்களாம்மா?"

"எடுத்துட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"லட்சணமான மூஞ்சின்னாங்க."

"படம் வந்த முதல் நாளே ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போகப்போறேன். நீயும் வாம்மா."



"அன்னிக்கு எனக்கு வேற ஷூட்டிங் இருக்கும்டி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.