கவாத்து வெட்டிய காடு

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் குளிர் இறங்கியிருந்தது. மூவரும் ஓடும் ஞாயிற்றுக்கிழமை மலை ஓட்டத்தை விடிகாலையிலிருந்து பகலுக்கு மாற்றவேண்டும் என்று ஈஸ்வரன் சொன்னபோது மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"பனி நெஞ்சுல எறங்குதுடா."

"மாப்ளைக்கு வயசாயிருச்சு," என்றான் பாண்டீஸ்வரன். "அடுத்த வருசம் ஒரு கம்பளியப் போத்தி கோயில் வாசல்ல ஒக்கார வச்சிருவோம்."

"நீங்க மட்டும் என்னண்ணே," என்றாள் சித்ரா. "போன வாரம் ஏத்தத்துல மூச்சு வாங்குன சத்தம் பாக்டரி வரைக்கும் கேட்டுச்சாம். சங்கு ஊதிட்டாங்கன்னு ஷிப்டுக்குக் கெளம்பிட்டாங்க."

ஈஸ்வரனும் சேர்ந்து சிரித்தான். பனி காரணமில்லை. அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

சித்திரை மாதத்தில் மதுரைக்குப் போய்க் காட்டியிருந்தான். கொடைக்கானலுக்கு ட்ரிப் என்று மனைவி முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனான். டாக்டர் சின்னப் பெண். காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, ஓரத்திலிருந்து உள்ளே கறுப்பாகத் தீட்டிக்கொண்டே வந்தார். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, நடுவில் இருப்பது கடைசியாகப் போகும் என்றார். மருந்து கேட்டான். இல்லை என்றார். என்ன வேலை என்று கேட்டார். ஜீப் ஓட்டுவதாகச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே ஓட்டாதீங்க."

மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறினான்.

யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் சுற்றுலாக்காரர்களைச் சூரியோதயம் பார்க்கக் கூட்டிப்போகும் ட்ரிப்பை மட்டும் விட்டுவிட்டான். பகலில் ஓட்டினான். நேரே பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஒரு குழாய்க்குள் இருந்து பார்ப்பதுபோலத் தெரிந்தது. தலையைக் கோழிபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே ஓட்டப் பழகினான். சித்திரபுரத்துக்கும் எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்கும் இடையில் அவனுக்குத் தெரியாத வளைவு கிடையாது. முருகேஸ்வரி எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிறாள், அவள் பேரில் கம்பெனி கொடுத்த லயத்து வீடு இருக்கிறது. அவன் பேரில் ஜீப் ஒன்றுதான். அது நின்றால் அவன் என்னவாக இருப்பான் என்பதை யோசிக்கப் போகும்போதெல்லாம் பாதியில் எழுந்து எங்காவது போய்விடுவான்.

இன்னொன்றும் இருந்தது. ஓட்டத்தில் அவன்தான் முன்னால் போவான்.

மலைப்பாதை ஒற்றையடியானது. பனி மூடினால் முன்னால் போகிறவரின் முதுகே தெரியாது. அதனால் முதல் ஆள் காலுக்கடியில் வருவதைக் குரல் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். கல். வேர். வழுக்கு. கான். பின்னால் வருகிறவர்கள் அந்த வாயை நம்பிக் கால் வைப்பார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் மூட்டத்தில் நிரை பிசகாமல் இருக்க இப்படித்தான் ஒருவருக்கொருவர் கூவிக்கொள்வார்கள். இவர்கள் தாய்மாரிடம் கேட்டு வளர்ந்த பழக்கம் அது. வேறு ஊரிலிருந்து ஓட வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஓடி, கானில் விழுந்து எழுந்தபின் சிரிப்பதில்லை. கான் என்பது மழைத்தண்ணீர் இறங்கத் தேயிலைக் காட்டின் குறுக்கே வெட்டியிருக்கும் வாய்க்கால். இடுப்பாழம் இருக்கும்.

ஈஸ்வரனின் வாய் பிசகியதே இல்லை. அவன் 'கல்' என்றால் அங்கே கல் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டி தாமதமாக வந்தான். பாக்டரியில் டிராக்டர் ஓட்டுகிறவன், டயர் மாற்றவேண்டியிருந்ததாம். பத்து மணிக்குக் கிளம்பவேண்டியவர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கிளம்பினார்கள். ஈஸ்வரன் வானத்தைப் பார்த்தான். வெயில் வெளுத்து நின்றது.

"இன்னைக்கு வேணாம்னா விட்டுருவோம்," என்றான்.

"அய்யோ வேணாம்ணே," என்றாள் சித்ரா. "அடுத்த மாசம் பிசிக்கல் டெஸ்ட் இருக்கு. ஒரு வாரம் விட்டாலும் காலு கட்டிக்கும்."

சித்ரா கேரளப் போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை தேறியிருந்தாள். மலையாளத்துக்காரப் பிள்ளைகளோடு போட்டி போட்டு, லயத்து விளக்கில் உட்கார்ந்து படித்துத் தேறினாள். இனி ஓடிக் காட்டவேண்டும், தாண்டிக் காட்டவேண்டும். அவள் அம்மா அழகுத்தாயும் முருகேஸ்வரியும் ஒரே கூட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள். பெண் தனியாக மலையில் ஓட வேண்டாம் என்று அழகுத்தாய் இவனிடம் வந்து சொன்னாள். "ஒன் கூடன்னா எனக்குப் பயமில்ல ஈஸ்வரா" என்றாள். அன்று முதல் மூன்று பேரானார்கள்.

ஜீப்பை ரோட்டோரம் விட்டுவிட்டு, காலுறையில் அட்டைப்பூச்சிக்குப் புகையிலைப் பொடி தடவிக்கொண்டு, தைலமரக் காட்டு வழியாக ஏறினார்கள். ஏற்றத்தில் ஈஸ்வரனுக்குச் சிரமமில்லை. ஏற்றம் மெதுவானது, முகத்துக்கு நேரே பாதை நிற்கும். புல்மேட்டுக்கு வந்தபோது மேற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக நின்றன. சித்ரா கையை விரித்துக்கொண்டு உச்சிப்பாறை வரை ஓடினாள். அவன் பார்வைக் குழாய்க்குள் அவள் வருவதும் வெளியே போய்விடுவதுமாக இருந்தாள். பாண்டி புல்லில் மல்லாந்து படுத்துவிட்டான்.

"போலீசாயிட்டா எங்களைப் புடிச்சு உள்ள போட்டுராத," என்றான்.

"உங்களைப் புடிக்க ஓடவா வேணும்? நடந்தே புடிச்சிருவேன்."

அங்கே கொஞ்சம் அதிகமாக உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கத் தொடங்கும்போது பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. இறக்கம் எப்போதும் மறுபக்கத்துத் தேயிலைக் காடு வழியாக, அதே ரோட்டுக்கு. சோலையைத் தாண்டுவதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டது. ஈஸ்வரனுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல இருந்தது.

"அட்டை ஏறிருச்சு, போங்க வந்துர்றேன்," என்று பாண்டி பின்தங்கினான்.

தேயிலைக்குள் நுழைந்ததும் ஈஸ்வரனுக்கு மூச்சு சீரானது. அவனுக்கு அங்கே கண் தேவையில்லை. இரண்டு பக்கமும் செடிகள் இடுப்பை உரசிக்கொண்டு வரும். இடது தொடையில் உரசல் அழுத்தினால் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. இரண்டு பக்கமும் உரசல் விட்டுப்போனால் கான். நான்கைந்து மாதமாக மூட்டத்தில் அவன் இப்படித்தான் ஓடினான்.

"வேர்," என்றான்.

"வேர்," என்றாள் சித்ரா பின்னாலிருந்து.

"கான்."

"கான்."

தாண்டினார்கள். இந்தக் காட்டில் இரண்டு கான். இன்னொன்று கீழே வரும். ஓடினார்கள். உரசல் இரண்டு பக்கமும் விட்டது. கால் எடுத்துத் தாண்டினான். தாண்டிய பிறகும் உரசல் வரவில்லை. இன்னும் சில அடி ஓடினான். கையை விரித்துத் துழாவினான். ஒன்றுமில்லை. காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. நின்றுவிட்டான்.

"என்னண்ணே?"

"லேஸ் அவுந்துருச்சு." குனிந்தான். விரலில் கொப்புகள் தட்டுப்பட்டன. வெட்டிய கொப்புகள், ஈர இலையோடு கிடந்தன.

"இங்க கவாத்து வெட்டிருக்காங்கண்ணே," என்றாள் சித்ரா. "எங்கம்மா சொல்லல பாருங்க."

செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மொட்டைக் குச்சிகள் நின்றன. வெட்டிய கொப்பெல்லாம் பாதையிலும் கானிலும் மூடிக் கிடந்தது. கவாத்து வெட்டிய காட்டில் யாரும் ஓடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

"நடந்துருவோமா? ரெண்டாவது கான் எங்க இருக்கு?"

அவன் தாண்டியது கானா, கவாத்துக் காட்டின் எல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாண்டி வரட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் அவன் குரலுக்காகக் காத்து நின்றாள். குனிந்தபடியே இருந்தான். அவிழாத முடிச்சை விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்தால் முன்னால் போகவேண்டும்.

"தாண்டியாச்சு," என்றான். "ரெண்டும் தாண்டியாச்சு. நீ முன்னால போ. நேரேதான்."

"செரிண்ணே."

அவள் ஓடினாள். கொப்புகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே ஒரு சத்தம் வேறு மாதிரி கேட்டது.

அவள் அலறவில்லை. "அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டாள். யாரையோ எழுப்புவதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள். குரல் வந்த பக்கம் அவன் கையும் காலுமாகத் தவழ்ந்து போனான். கானின் விளிம்பு கையில் தட்டியது. கீழே கையை நீட்டினான். அவள் தலைமுடி கிடைத்தது.

பாண்டி வந்து இறங்கித் தூக்கினான். கணுக்காலுக்கு மேலே கால் ஒடிந்து திரும்பியிருந்தது. வெட்டிய கொப்பில் நேரானதாக இரண்டைப் பொறுக்கி, துண்டைக் கிழித்துக் கட்டினான். கட்டும்போதுதான் அவள் கத்தினாள்.

"கான் கெடக்குன்னு சொல்லலயா நீ?" என்றான் பாண்டி.



"தாண்டியாச்சுன்னுதான் சொன்னாரு," என்றாள் சித்ரா. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு, "அண்ணே, பிசிக்கல்," என்றாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம், நீ பேசாம வா."

பாண்டி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான். ஈஸ்வரன் பின்னால் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தான். பார்த்தால் அவன் அவளைத் தாங்குவதுபோல இருக்கும். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மலை இறங்கினான்.

ரோட்டில் ஜீப் நின்ற இடத்துக்கு வந்தபோது வெளிச்சம் போய்விட்டது. பாண்டி அவளைப் பின் இருக்கையில் நீட்டிக் கிடத்தினான்.

"எடு வண்டிய. நேரா அடிமாலி ஆஸ்பத்திரி."

ஈஸ்வரன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. லைட்டைப் போட்டான். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஏதோ பொங்கியது. அதற்குள் ரோடு இல்லை. இடப்பக்கம் மண் திட்டு, வலப்பக்கம் பள்ளம். முதல் வளைவு எத்தனை தூரத்தில் வரும், எங்கே கியரைக் குறைக்கவேண்டும் என்பது கைக்குத் தெரியும். கியரில் கை வைத்தான். மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று தோன்றியது. பின்னால் சித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

கியரிலிருந்து கையை எடுத்தான்.

"பாண்டி, நீ ஓட்டு."

"நானா? டிராக்டர் ஓட்டுறவன்டா நான். வெளையாடாத, புள்ள துடிக்குது."

"எனக்குத் தெரியலடா."

"என்ன தெரியல?"

"ரோடு தெரியல. கண்ணு போச்சுடா எனக்கு."

பாண்டி அவன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தான். கையை ஆட்டிப் பார்க்கவில்லை; ஆட்டப்போய் நிறுத்திக்கொண்டான்.

"எப்ப இருந்து?"

"டாக்டர் சொன்னது சித்திரையில."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம எம் மகள ஸ்கூல்ல இருந்து நீதான கூட்டிட்டு வந்த," என்றான் பாண்டி.

ஈஸ்வரன் தலையாட்டினான்.

"மழ பேஞ்சுச்சு அன்னைக்கு."

"ஆமா."

பாண்டி கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து இறக்கினான். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. படி இருக்கிறது என்று சொல்லி இறக்கினான். அப்படி அவனிடம் யாரும் சொன்னதில்லை.

ஈஸ்வரன் பின்னால் ஏறி சித்ராவின் காலை மடியில் வாங்கிக்கொண்டான். பாண்டி கியரைக் கரகரவென்று இழுத்தான். ஜீப் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. கட்டு நழுவியிருக்கிறதா என்று பார்க்க சித்ரா போனில் டார்ச்சைப் போட்டாள். கால் வீங்கி மினுமினுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கான் தாண்டியாச்சுன்னு சொன்னது?"

"தெரியாமத்தான் சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்லண்ணே."

அவன் அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டான். 

வளைவில் ஜீப் சாய்ந்து நிமிர்ந்தது. வலி அடங்கும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு டார்ச்சைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்தாள்.

"இப்ப நான் தெரியுறனா?"

"தெரியுற."

"எவ்வளவு?"

"ஒம் மொகம் மட்டும் தெரியுது. சுத்தி ஒண்ணுமில்ல."

அவள் அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்கும் தெரிந்தது. இமைக்காமல் பார்த்தான். அவளும் அவனைச் சிறிது நேரம் பார்த்தாள்.

பிறகு விளக்கை அணைத்தாள். இருட்டில் அவள் கால் அவன் மடியில் கனத்துக் கிடந்தது.