அழகேசனின் வேனுக்கு வந்த நோய்

தன் வண்டியில் கோளாறு இருக்கவேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட மனிதர் சிங்கப்பூரிலேயே அழகேசன் ஒருவராகத்தான் இருப்பார். ஊரில் உள்ளவர்களெல்லாம் வண்டி நன்றாக ஓடவேண்டும் என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இவரோ, அந்த மீட்டர் கெட்டுப்போயிருக்கட்டும் அப்பனே என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

அழகேசனுக்கு வாழை இலை வியாபாரம். விடிவதற்குள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் கட்டுகளை ஏற்றி, தேக்கா வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் இறக்கிவிட்டு, உச்சி வெயிலில் செம்பவாங் வீட்டுக்குத் திரும்புவார். சில வாரங்களாக அந்தத் திரும்பும் வழியில்தான் தொல்லை. வேகமுள்ளுக்குக் கீழே, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்னத் திரையைப் பார்த்தால் எண்களே இல்லை. தார் பூசியது போல ஒரே கறுப்பு. வீட்டுக்கு வந்து, அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் போட்டு, வெயில் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தால், எண்களெல்லாம் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

வேறு யாராவது என்றால் சலித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். அழகேசனால் அப்படி விடமுடியவில்லை. ஆங் மோ கியோவில் இருக்கும் அவருடைய அண்ணன் பரமசிவத்துக்கும் எண்களில்தான் ஆரம்பித்தது. பஸ் நம்பர் சரியாகத் தெரியவில்லை என்றார். பலகையில் விளக்கு மங்கல் என்று பஸ்காரர்களைத் திட்டினார். ஒரு வருஷம் அப்படியே ஓட்டினார். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது காரியம் கைமீறிவிட்டிருந்தது. இப்போது சுவரைத் தடவிக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறார். அதே சர்க்கரை அழகேசனுக்கும் இருந்தது.

ஆக, கெட்டது மீட்டர் என்றால், போனது ஒரு மீட்டர். மீட்டர் நன்றாக இருக்கிறது என்றால், கண் போகிறது என்று அர்த்தம். கண் போனால் வேன் இல்லை, இலை இல்லை, காலையில் தேக்காவில் நின்றுகொண்டு குடிக்கிற, சீனி போடாத அந்தத் தே ஓ கோசோங் தேநீர் இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். வழக்கமாக வேனைப் பார்ப்பவன் ஜெய், கைராசிக்காரன். ஆனால் அவன் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் கோளாறு இல்ல அங்கிள் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான், இருக்கிற வேலையெல்லாம் போதாதென்று, மீட்டரைத் தானே கழற்றிச் சரிசெய்வதாக மனுஷர் முடிவெடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பேட்டரி வயரைக் கழற்றி, டேஷ்போர்டு மூடியை நெம்பி எடுத்து, நாலு திருகாணியையும் விடுவித்து, மீட்டர் பெட்டியைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி ரஞ்சிதம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"மீட்டர். சூடு ஏறினா நம்பர் போயிடுது."

"ஜெய்கிட்ட விட வேண்டியதுதான லா."

"இதுக்கெல்லாம் ஜெய் எதுக்கு? உள்ள ஈயப்பற்று விட்டிருக்கும். யூடியூப்ல பார்த்துட்டேன்."

ரஞ்சிதம் நெத்திலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விட்டார்.

அழகேசன் சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். மழை நாளில் எண்கள் பளிச்சென்று இருந்தன, நிழலில் இருந்தன, கொளுத்தும் வெயிலில் மட்டும் காணவில்லை. சூட்டில் பற்று விரிந்து தொடர்பு அறுந்துவிடுகிறது என்று வீடியோவில் ஒருவர் படம் போட்டே காட்டியிருந்தார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த பச்சைப் பலகையின் முதுகில் கடுகைவிடச் சின்னதாக ஈயப் புள்ளிகள். ஜாலான் புசாரில் வாங்கிய, ஈயம் உருக்கும் புதுச் சூட்டுக்கோலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். புகை எழுந்தது. ஒரு புள்ளியில் மட்டும் கை தவறி இரண்டு தடவை பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பினார். எண்கள் வந்தன. கடைசி எண்ணில் மட்டும் நடுக்கோடு இல்லை. எட்டு இருக்கவேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, லாட்டரி விழுந்தால்கூட வந்திருக்காது. ஓட்டமாக வீட்டுக்குள் போனார்.

"பார்த்தியா ரஞ்சி, நான் சொல்லல? மீட்டர்லதான் கோளாறு. ஒரு கோடு காணோம்."

அந்தக் கோடு காலையில் இருந்ததா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அண்ணனைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரஞ்சிதம் மடியில் இடியாப்பப் பாத்திரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அழகேசன் தலைமேல் இருந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அண்ணனுக்குக் கண் போன பிறகு, வெயில் கூசக்கூடாது, எப்போதும் போட்டுக்கொண்டுதான் ஓட்டவேண்டும் என்று ரஞ்சிதம் சிராங்கூன் ரோட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த கண்ணாடி அது.

இயோ சூ காங் ரோட்டில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மீட்டரைப் பார்த்தார். கறுப்பு.

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ரஞ்சி, அந்த மீட்டர்ல என்ன காட்டுது, கொஞ்சம் படி" என்றார்.

ரஞ்சிதம் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு, நாலு, எட்டு, ரெண்டு, ஒண்ணு. கடைசி நம்பர் மட்டும் அரைகுறையா இருக்கு."

"மத்ததெல்லாம் தெளிவாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது. பரவால்ல, நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

முப்பது வருஷத்தில் ரஞ்சிதம் வாயிலிருந்து வந்த பாராட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று இப்படியா வந்து விழவேண்டும்? பச்சை விளக்கு எரிந்தது. அழகேசன் மெதுவாக ஓட்டி, முதலில் தென்பட்ட குடியிருப்பு புளோக்கின் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, ஓரமாக நிறுத்தினார்.

"எனக்குத் தெரியல ரஞ்சி."

"என்ன தெரியல?"

"நம்பர். ஒண்ணுமே தெரியல. கறுப்பா இருக்கு. ரொம்ப நாளா இப்படித்தான்." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து கொட்டித் தீர்த்தார். "பாலிகிளினிக்ல கண்ணைப் படம் எடுக்கக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் போகல. போனேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். அண்ணன் மாதிரி ஆயிடுமோன்னு பயம். இனிமே நான் ஓட்டக்கூடாது. சாவிய நீயே வச்சுக்க."

ரஞ்சிதம் மடியிலிருந்த பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அழகேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வண்டியை அணைக்கச் சாவியை நோக்கிக் குனிந்தார். மீட்டரில் எண்கள் இருந்தன.

கையை நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டார். கறுப்பு. கழற்றினார். எண்கள். மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு கண்ணாடியை ரஞ்சிதத்திடம் நீட்டினார். அவர் போட்டுப் பார்த்தார்.

"எனக்கும் இருட்டாத்தான் இருக்கு" என்றவர், தலையை ஒருபக்கம் சாய்த்தார். "இப்படிச் சாய்ச்சா வருது."

கண் கூச்சம் போக அந்தக் கண்ணாடியில் என்னத்தையோ பூசியிருக்கிறார்கள். அதற்கும் மீட்டர் திரைக்கும் ஆகாது. விஷயம் அவ்வளவுதான். வெயிலில் மறைந்ததும் அதனால்தான், மழையில் தெரிந்ததும் அதனால்தான். அந்த நடுக்கோடு ஒன்றுதான் நிஜமான கோளாறு, அது அழகேசனின் கைவேலை. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால் ரஞ்சிதம் சிரிக்கவில்லை.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல. வண்டியவே பிரிச்சுப் போட்டீங்க, வாயைத் தொறக்கல."

அழகேசன் கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாலிகிளினிக் போறோம்."

"அதான் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே ரஞ்சி."

"உங்கண்ணனும் இதைத்தான் சொன்னாரு."

மறுநாள் போனார்கள். இயந்திரத்தில் தாடையை வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். முடிவைச் சொல்ல டாக்டரம்மா கூப்பிட்டபோது, ரஞ்சிதம் கூடவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வலது கண் சுத்தம். இடது கண்ணில் மட்டும் சர்க்கரையின் பாதிப்பு இப்போதுதான் தலைகாட்டுகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, தவறாமல் வந்து காட்டினால் பார்வைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றார். அழகேசன் மேசைக்கடியில் ரஞ்சிதத்தின் கையைத் தேடினார். அது முன்பே அங்கே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு வேனை ஜெய்யிடம் கொண்டுபோனார். அவன் மீட்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"யாரு அங்கிள் இதுல கைய வச்சது?"

"ஒரு பைத்தியக்காரன்" என்றார் ரஞ்சிதம்.

ஜெய் கெட்டுப்போன அந்த ஒரு புள்ளியைச் சுரண்டிப் புதிதாகப் பற்று வைத்தான். நடுக்கோடு திரும்பி வந்தது. "மத்தபடி ஒண்ணும் கோளாறு இல்ல அங்கிள்" என்றான்.

கேட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் அவரை மீட்டரையே அக்கக்காகப் பிரித்துப் போடவைத்த வார்த்தை அது. அழகேசன் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே, "என்ன சொன்ன தம்பி, இன்னொரு தடவ சொல்லு" என்றார்.