பெயர் பிறகு சொல்லப்படும்

லார்கின் நகர பேஸ்பால் அணியின் பொது மேலாளர் வேலைக்கு அந்த ஆண்டு வந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பெயர் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன், முடிதிருத்தும் கடைக்காரர் ஓட்டோ ஹ்ருஸ்காவின் மகனுக்குப் பந்து எறியும் கை கெட்டுப்போனபோது, அவனைப் பக்கத்து ஊர் டன்மோர் அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரு ஆட்டக்காரர், பெயர் பிறகு சொல்லப்படும் என்றது டன்மோர். இந்த விளையாட்டில் இப்படிப் பேரம் முடிப்பது சகஜம். மறுநாள் பஸ்ஸில் ஆள் வந்து இறங்கினார், பெயர் வரவில்லை. ஊர்க்காரர்களே ஒரு பெயர் வைத்துப் பார்த்தார்கள். காலையில் வைத்தது சாயங்காலம் ஒருவர் நாக்கிலும் நிற்கவில்லை. சட்டையில் தைத்த எழுத்துகள் ஒரே சலவையில் பிரிந்துபோயின. பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் முகம் இருக்கும், திரும்பிவிட்டால் மறந்துவிடும். டன்மோர் அனுப்பிய ஆள் டன்மோருக்காகத்தான் ஆடுவான் என்று சந்தேகப்பட்டு அவரை ஒரு நாளும் களத்தில் இறக்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அணி வருடாவருடம் கடைசியில் வந்தது.

அணியின் முதலாளி வெர்னா கோல்ப் இரும்புச் சாமான் கடை நடத்துபவள். அன்றைக்குக் கறந்த பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் காப்பியில் ஊற்றுவாள். இன்னொரு வருடம் கடைசியில் வந்தால் அணியைக் கலைத்துவிடுவதாக லீக் சொல்லியிருந்தது. அவளுடைய பயம் அதுமட்டுமல்ல. அணியின் பந்தெறியாளன் லைல் அவள் பெற்ற மகன். முப்பத்து மூன்று வயது, தோள் போய்விட்டது. அணியைப் புதிதாகக் கட்ட வருகிறவன் முதலில் யாரைக் கழற்றி விடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே வந்த இருவரிடமும் லைலை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

சின்சினாட்டி நகரத்திலிருந்து கணினியோடு வந்தவர், "லைல்தாங்க இந்த அணிக்கு உயிரே" என்றார். அவர் வாயை மூடும் முன்பே வெர்னாவுக்குப் பொய் நாறிவிட்டது. பெயரில்லாதவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டன்மோருக்கு அனுப்பிடணுங்க மேடம்."

"பதிலுக்கு யாரு?"

"பேரு அப்புறம் சொல்லுவாங்க."

முடிதிருத்தும் கடையில் ஓட்டோ கத்தியைத் தீட்டிக்கொண்டே அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏ வெர்னா, உனக்குப் புத்தி பிசகிப் போச்சா? ஒம்போது வருஷமா உள்ளயே உக்காந்து உளவு பாக்கறான். அவன் கையில சாவியையே குடுக்கப் போறியா?"

"திருடனா இருந்தா பெத்தவ மூஞ்சிக்கு நேரா இதச் சொல்லுவானா?"

"கெட்டிக்காரத் திருடன் அப்படித்தான் சொல்லுவான்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் லைலே முடித்துவைத்தான். "ஏம்மா, நான் இங்கயே தோத்துத் தோத்துக் கிழவனாகணுமா?" வெர்னா பெயரில்லாதவருக்கே வேலையைக் கொடுத்தாள். ஏப்ரல் மாதம் லைல் கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டன்மோர் பஸ்ஸில் ஏறினான். சாயங்காலம் அதே பஸ்ஸில் ஒருவன் வந்து இறங்கினான். அவனுக்கும் பெயர் இல்லை.

புது மேலாளர் அவனை மறுநாளே களத்தில் இறக்கினார். அறிவிப்புப் பலகையில் அவன் பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது, ஆனால் அவன் எறிந்த பந்தை எதிரணிகள் தொடக்கூட முடியவில்லை. ஆகஸ்டுக்குள் லார்கின் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ஊர் சந்தேகத்தை மறந்து கார் ஹாரனை அடித்துக் கொண்டாடியது. லைலிடமிருந்து ஒரு வரிகூட வராததால் வெர்னாவால் மட்டும் மறக்க முடியவில்லை. ஓட்டோவின் மகனும் போனவன் போனவன்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டன்மோருக்குப் போன் போட்டாள்.

"உங்க பையனா?" என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள். "அவனத்தான அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டோம்! குடுத்த ஆளையே வாங்கிக்கிட்டீங்க. முடிவெட்டறவர் பையன் விஷயத்துலயும் இதேதான்."

மைதானத்துக்கு ஓடிப்போய், பந்தெறிந்துகொண்டிருந்த பெயரில்லாதவனைப் பார்த்து "லைல்!" என்று கூப்பிட்டாள். பெயர் அவன்மேல் ஒட்டவில்லை. அவன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரத் தேடறீங்க மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டான். மேலாளரிடம் போய் நின்றாள்.

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"கை சரியாயிடும்னு தெரியுங்க. பேரோட சேந்து வலியும் போயிடும். மிச்சம் எனக்கே ஞாபகம் இல்ல."

அது உண்மையா என்று அவள் வெகுநேரம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு, "முடி வளந்து கெடக்கு. ஓட்டோ கடைக்குப் போ" என்றாள். வரப்போவது அவர் மகன்தான் என்று ஓட்டோவிடம் அவளே முன்னால் போய்ச் சொல்லிவைத்தாள். அன்று ஒரு தலைக்கு ஓட்டோ அரை நாள் எடுத்துக்கொண்டார். அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த ஆண்டு அணி மூன்றாவதாக முடித்தது. லீக் வாயை மூடிக்கொண்டது, மேலாளரின் வேலையும் நிலைத்தது. பந்தெறியாளனை வெர்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் வாசல் மணியை அடித்து, காலைத் துடைத்து, விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே பின்பக்கமாக வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபடி நின்றான்.

"கதவச் சாத்துடா, குளிரெல்லாம் போகுது" என்று வெர்னா கத்தினாள்.

அவன் சாத்தினான்.